ஊர் மருத்துவமனையும் ஊர்ப் பணமும்: ஓர் எளிய கணக்கு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றின் முகப்பில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கும் வரிசை இரவு 9 மணிக்குத்தான் ஓயும். படிவத்தில் 'எதற்காக அனுப்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஏறக்குறைய எல்லோரும் 'குடும்பச் செலவு' என்றே குறிப்பார்கள். ஆனால் வரிசையில் நின்றபடி ஊரோடு பேசுகிறவர்களின் பேச்சு என் காதிலும் விழும். வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒருவர் அனுப்பினால், நான் கண்ட வரையில் அதற்குக் காரணங்கள் மூன்று: கல்யாணம், வீடு, ஆஸ்பத்திரி. முதல் இரண்டுக்கும் மாதக்கணக்கில் பணம் சேர்த்துவைத்திருப்பார்கள். மூன்றாவதற்குச் சம்பள முன்பணமும் அறைத் தோழர்களிடம் வாங்கிய கைமாற்றும்தான்.

அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவரை நன்றாக நினைவிருக்கிறது. இங்கே துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை. மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்புகிறவர், அன்று 1,000 வெள்ளியை எண்ணி வைத்தார். "அக்கா, இன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுமா?" என்று மூன்று முறை கேட்டார். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலில் முள் குத்திய புண்ணை ஒரு மாதம் கவனிக்காமல் விட்டிருக்கிறார். காய்ச்சல் கண்டு நினைவு தவறிய பிறகு வாடகைக் காரில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

சில வாரங்கள் கழித்து வந்தபோது, மொத்தச் செலவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார். மருத்துவமனைக் கட்டணம் 1,18,000 ரூபாய். போகவர வாடகைக் கார் 8,000. துணைக்கு இருந்த இருவரின் அறை வாடகையும் சாப்பாடும் 14,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். இங்கிருந்து போன பணம் போக, மீதியைக் கறவை மாட்டை 45,000 ரூபாய்க்கு விற்றும் அம்மாவின் நகையை அடகு வைத்தும் புரட்டியிருந்தார்கள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன். கிராமத்துக்கு மருத்துவ வசதி ஏன் தேவை என்று கேட்டால், உயிரைக் காப்பாற்ற என்போம். அதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லைதான். ஆனாலும் அதே வசதி அந்த ஊரின் வரவு செலவையும், வேலை வாய்ப்பையும், வெளியிலிருந்து வரும் பணம் ஊருக்குள் தங்குவதையும் தீர்மானிக்கிறது. இந்தப் பக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. சிங்கப்பூரில் வாழும் நம்மில் பலருடைய சம்பளத்தில் ஒரு பங்கு அந்த ஊர்களுக்குத்தான் போகிறது. அதனால் இது நமக்கும் சொந்தக் கணக்கு.

தாளில் எழுதாத செலவுகள்

தம்பியின் தாளில் மூன்று வரிகள்தான் இருந்தன. எழுதாமல் விட்டவை அதைவிடப் பெரியவை.

முதலில் மாடு. நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறந்த மாடு அது. பால் சங்கத்தில் ஊற்றினால் தீவனச் செலவு போகவும் வீட்டுக்கு அன்றாடம் காசு வந்துகொண்டிருந்தது. மாட்டை விற்ற அன்றோடு அந்த வரவு நின்றுபோனது. இப்படி அவசரத்துக்காக, கேட்ட விலைக்கு, வருமானம் தரும் பொருளையே விற்பதைப் பொருளாதார நூல்கள் நெருக்கடி விற்பனை என்கின்றன. ஒரு நோய் ஒரு மாதத்துச் செலவாக நின்றுவிடாமல், பல ஆண்டு வருமானத்தைப் பிடுங்கிக்கொண்டு போவது இந்த வழியில்தான். அடகு வைத்த நகைக்கு மாதாமாதம் வட்டி வேறு.

அடுத்தது கூலி. அப்பாவுக்குத் துணையாக அண்ணன் 11 நாள் மருத்துவமனையில் இருந்தார். அப்போது ஊரில் அறுவடை. வேலை கிடைக்கும் நாட்கள் ஆண்டில் கொஞ்சம்தான். அதில் 11 நாள் போய்விட்டது. இதைச் சிங்கப்பூரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்த ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள் வரை. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் 'எம்சி' என்னும் மருத்துவ விடுப்புச் சான்று வாங்குகிறோம், சம்பளம் குறைவதில்லை. வயலில் களை எடுக்கிற பெண்ணுக்கு எம்சி கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய கூலி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கூலி இல்லை. மருத்துவரைப் பார்க்க 20 கிலோமீட்டர் போய்வர வேண்டும் என்றால் அன்றைக்கும் கூலி இல்லை.

இந்தக் கடைசிச் செலவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், மாத்திரை இலவசம். ஆனால் போகவரப் பஸ் கட்டணமும், ஒரு நாள் கூலியும், கூட வருகிறவரின் கூலியும் நோயாளியின் தலையில்தான் விழுகின்றன. மாத்திரைக்கு விலை இல்லாவிட்டாலும் மாத்திரை வரைக்குமான தூரத்துக்கு விலை இருக்கிறது. நமது அப்பாக்களும் அம்மாக்களும் "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதற்குப் பயமோ அறியாமையோ மட்டும் காரணம் இல்லை. அவர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். இன்றைய கூலி கண்ணுக்குத் தெரிகிறது, நாளைய புண் தெரியவில்லை. மருத்துவம் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

தம்பியின் அப்பா கதையில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. தஞ்சாவூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே போயிருந்தால் இந்தக் கட்டணத்தில் பெரும்பகுதி வந்திருக்காது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் வீட்டில் இருந்ததாம். அவசரத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை, எங்கே போகலாம் என்று சொல்லவும் ஆளில்லை. கார் எங்கே நின்றதோ அங்கே சேர்த்துவிட்டார்கள். ஊருக்குள் பழக்கமான ஒரு செவிலியர் இருந்திருந்தால், சிகிச்சைக்கு முன்பே இந்த ஒரு தகவலைச் சொல்லியிருப்பார். அந்தத் தகவலின் மதிப்பு அன்றைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்.

மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது எவ்வளவு என்பதை ஒவ்வொரு நாடும் கணக்கிடுகிறது. இந்தியாவின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2013-14இல் மொத்தச் செலவில் 64.2 விழுக்காடு இப்படிப் போனது. 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் காப்பீடும் சேமிப்பும் இல்லாத குடும்பத்துக்கு அந்த மிச்சமே ஒரு மாட்டையும் ஒரு தாலிச் சங்கிலியையும் கொண்டு போகப் போதுமானது. இங்கே சிங்கப்பூரில் 1984இல் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு வந்தது, 2015இல் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்பீடு வந்தது. அரசின் பலதுறை மருந்தகத்துக்குப் பஸ்ஸில் போய்விடலாம். துவாஸில் வேலை பார்க்கும் அந்தத் தம்பிக்கே ஏதாவது ஆகியிருந்தால், வேலை அனுமதிச் சீட்டுக்காக முதலாளி வாங்கியிருக்கும் காப்பீடு இருக்கிறது. 2023 ஜூலை முதல் அதன் வரம்பு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அந்தச் சம்பளத்தை நம்பி வாழும் அப்பாவுக்கு அதில் பங்கில்லை. ஒரே குடும்பம், ஒரே வருமானம். பாதுகாப்பு மட்டும் கடலுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

ஊருக்கு வந்த பணம் எங்கே போகிறது?

இனி இன்னொரு பக்கம். 1,40,000 ரூபாயில் ஊருக்குள்ளேயே நின்றது எவ்வளவு? கார் ஊர்க்காரருடையது, அதனால் 8,000 ரூபாய். மீதி 1,32,000 ரூபாயும் தஞ்சாவூரில் செலவானது. அங்கே அது வீண் போகவில்லை. அங்குள்ள தாதிக்குச் சம்பளமாக, மருந்துக் கடைக்கு வியாபாரமாக, விடுதிக்கு வாடகையாகப் போயிருக்கும். ஆனால் கிராமத்தைப் பொறுத்தவரை அந்தப் பணம் போனது போனதுதான்.

ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை எவ்வளவு பெய்தாலும், மதகு உடைந்திருந்தால் சாகுபடிக்குத் தண்ணீர் நிற்காது. கிராமத்துக்கு வெளியிலிருந்து வரும் பணம் அந்த மழை: நாம் அனுப்புவது, நெல் விற்று வருவது, அரசு ஊழியர் சம்பளம், முதியோர் ஓய்வூதியம். உடைந்த மதகு வழியாக ஓடுவதைப் பொருளாதாரத்தில் கசிவு என்பார்கள். கிராமங்களின் பெரிய கசிவுகளில் ஒன்று மருத்துவம். ஏனென்றால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது.

கசிவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டப் பள்ளிக்கூடக் கணக்குப் போதும். ஊரில் ஒருவர் கையில் 100 ரூபாய் வருகிறது. அதில் 60 ரூபாயை ஊருக்குள்ளேயே செலவழிக்கிறார், மளிகைக் கடைக்காரரிடம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதில் 60 விழுக்காட்டை, அதாவது 36 ரூபாயை, ஊரிலேயே தச்சருக்குக் கொடுக்கிறார். தச்சர் அதில் 21 ரூபாய் 60 காசை உள்ளூரில் செலவழிக்கிறார். இப்படியே தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 250 ரூபாய் வரும். முதலில் வந்த 100 ரூபாய் 250 ரூபாய் அளவுக்கு வேலை செய்திருக்கிறது. இதையே பெருக்கி விளைவு என்கிறார்கள். ஊருக்குள் செலவாவது 60இலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தால் அதே 100 ரூபாய் 125 ரூபாய்க்கான வேலையை மட்டுமே செய்யும். வந்த பணம் ஒன்றுதான். பலன் பாதியாகிவிட்டது.

இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பாருங்கள். அங்கே மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், துப்புரவுப் பணியாளர் என்று 15 பேர் வேலை செய்வதாகவும், அவர்களின் மொத்தச் சம்பளம் மாதம் 6 லட்சம் ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்லும் எண்கள்தான் இவை. இந்தப் பணம் முழுவதும் ஊருக்கு வெளியிலிருந்து, அரசின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. எல்லோரும் நகரத்திலிருந்து வந்து போகிறவர்களாக இருந்து, டீயும் சாப்பாடும் மட்டும் இங்கே வாங்கினால், சம்பளத்தில் 10 விழுக்காடு, மாதம் 60,000 ரூபாய் ஊரில் விழும். ஊரிலேயே குடியிருந்து பாதியை இங்கேயே செலவழித்தால் 3 லட்சம் விழும். ஆண்டுக்கு 36 லட்சம்! ஒரு சிறிய தொழிற்சாலை வந்ததற்குச் சமம்.

அதற்கு மேல் நோயாளிகளோடு வரும் கூட்டம். ஊரில் மருத்துவமனை வாசலை ஒருமுறை கவனித்தவர்களுக்குத் தெரியும். முதலில் ஓர் இட்லிக் கடை வரும். பிறகு இளநீர் வண்டி. காப்பீட்டு அட்டைக்கும் குடும்ப அட்டைக்கும் நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடை. மருந்துக் கடை. நான்கு ஆட்டோக்கள். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், அப்படியே உரக் கடைக்கும் ஒரு நடை போய்விட்டுத் திரும்புவார்கள். கூட்டம் சேருகிறது என்று பஸ் நிற்கத் தொடங்கும். பஸ் நிற்கும் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் வரத் தயங்க மாட்டார்கள்.

இது கற்பனை இல்லை என்பதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில் பல ஊர்களில் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும்தான் அதிகம் பேருக்கு வேலை தரும் இடங்கள். அங்கே சிறிய மருத்துவமனைகள் நட்டத்தில் மூடப்பட்டபோது, அந்த ஊர்களின் கதி என்ன என்று ஆராய்ந்து 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஊரில் இருந்த ஒரே மருத்துவமனை மூடப்பட்ட இடங்களில் தலா வருமானம் சுமார் 4 விழுக்காடு குறைந்திருந்தது. வேலையில்லாதோர் விகிதம் 1.6 விழுக்காட்டுப் புள்ளி கூடியிருந்தது. மருத்துவமனை ஊழியர்களின் வேலையோடு அது நிற்கவில்லை. அவர்களிடம் வியாபாரம் செய்த கடைகளும் தளர்ந்தன. 1997லேயே அந்த நாட்டு அரசு, 25 படுக்கைக்கு மேற்படாத, மற்ற மருத்துவமனைகளிலிருந்து தொலைவில் இருக்கும் சிறு மருத்துவமனைகளுக்குத் தனிப் பிரிவு ஏற்படுத்தி, முதியோர் காப்பீட்டுப் பணத்தை உண்மையான செலவின் அடிப்படையில் கொடுக்கத் தொடங்கியது. நோயாளி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவை நிலைக்காது என்று புரிந்துதான் அப்படிச் செய்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எட்டும் தூரத்தில் வேறொரு மருத்துவமனை இருந்த ஊர்களில், ஒன்று மூடப்பட்டதால் நீடித்த பொருளாதார பாதிப்பு தெரியவில்லை. ஆகவே தெருவுக்கு ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்பது என் வாதம் இல்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்று இருப்பதுதான் ஊரின் நிலையை மாற்றுகிறது.

இந்த மண்ணில் நடந்தது

சிங்கப்பூரில் இப்போது கிராமம் என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனால் வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு முன்னால், கம்பத்து (கிராமத்து) வீடுகளின் காலத்தில், இந்தத் தீவின் பெரும்பகுதி நாட்டுப்புறம்தான். காய்கறித் தோட்டம், பன்றிப் பண்ணை, ரப்பர் தோட்டம். செம்பவாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் தமிழர்கள் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈசூனிலும் உட்லண்ட்ஸிலும் இருக்கிறார்கள்.

ஐடா சிம்மன்ஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாதி 1927இல் இங்கே கிராமப்புறத் தாய்சேய் நலப் பணியைத் தொடங்கினார். அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. நான்கில் ஒன்றுக்கும் மேல். சிம்மன்ஸும் அவர் பயிற்சி கொடுத்த தாதியரும் கம்பம் கம்பமாகப் போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து தாய்மாரிடம் பேசினார்கள், குழந்தைகளை எடை பார்த்தார்கள். அவர் 1948இல் ஓய்வு பெற்றபோது அந்த எண்ணிக்கை 57. இடையில் ஒரு போரும் மூன்றரை ஆண்டு ஜப்பானிய ஆட்சியும் வந்து போயிருந்தன. பெரிய கட்டடங்களால் சாதித்ததில்லை இது. அப்படிப் பிழைத்த பிள்ளைகளின் தலைமுறைதான் அறுபதுகளில் ஜூரோங் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனது. இந்த நாட்டின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது துறைமுகத்தையும் தொழிற்பேட்டையையும் சொல்கிறோம். அந்தத் தாதியரையும் அந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடலைத் தாண்டி மலாயாவில் நடந்தது இன்னும் நேரடியான பாடம். கிள்ளான் அருகே சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற நிலை வந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் சொன்னார். கொசு குறைந்தது, காய்ச்சல் குறைந்தது, துறைமுகம் பிழைத்தது. பிறகு ரப்பர் தோட்டங்களிலும் அந்த முறை பரவியது. காடழித்துத் தோட்டம் போட்ட அந்த ஆண்டுகளில் ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக் கூலிகளாகவும், ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகவும் வந்த நம் மக்கள் மலேரியாவில் ஏராளமாக மடிந்தார்கள். தோட்ட முதலாளிகளுக்கு இரக்கம் வந்து ஆஸ்பத்திரி கட்டியதாகச் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் படுத்தவர் பால் வெட்ட வர மாட்டார் என்ற கணக்கும், சட்டத்தின் கட்டாயமும் சேர்ந்துதான் தோட்ட ஆஸ்பத்திரியும் அதில் 'டிரெஸ்ஸர்' என்ற ஒரு மருத்துவ உதவியாளரும் வந்தார்கள். ஆரோக்கியம்தான் உற்பத்தி என்பதை அந்த முதலாளிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் இலாபத்துக்காகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இன்று அதே கணக்கை அந்த மக்களின் நன்மைக்காகப் போடச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு ஏற்பாடு எப்படி இயங்குகிறது?

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய நெறிமுறைப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்க வேண்டும். மலைப்பகுதியில் இந்த எண்கள் 3,000, 20,000. துணை நிலையத்தின் உயிர்நாடி கிராம சுகாதார செவிலியர். நாம் இங்கே தாதி என்கிறோம், ஊரில் 'நர்சம்மா' என்பார்கள். எந்த வீட்டில் யார் கர்ப்பம், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம்.

தமிழ்நாடு செய்தவற்றில் பொருளாதாரக் கண்ணோடு பார்த்தால் முக்கியமானது என்று நான் கருதுவது, பலர் கேள்விப்படாத ஒன்று: 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை ஒரே இடத்தில், மொத்தமாக, வணிகப் பெயர் பார்க்காமல் மருந்தின் பெயரில் ஏலம் கேட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறார்கள். விலை வெகுவாகக் குறைந்தது. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் பின்னால் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. சுகாதார நிலையத்தில் மாத்திரை இருக்கிறது என்ற நம்பிக்கைதான் மக்களை அங்கே வர வைக்கும். மாத்திரை இல்லாத நிலையத்துக்கு இரண்டாம் முறை யாரும் போக மாட்டார்கள்.

1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இன்னொரு வகை. கர்ப்பிணிப் பெண் உழைக்க முடியாத மாதங்களின் கூலி இழப்பை ஈடுகட்டுவதே அதன் அடிப்படை எண்ணம். 300 ரூபாயில் தொடங்கி 18,000 ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

இந்தக் கடைசித் திட்டத்தை மேலே சொன்ன கணக்கோடு பொருத்திப் பாருங்கள். மாத்திரை முன்பும் இலவசம்தான். திட்டம் அழித்தது தூரத்தின் விலையை. சர்க்கரைக்கான மாத்திரை தினமும் உள்ளே போனால், காலில் புண் ஆறும், சிறுநீரகம் தாங்கும், கண் பார்வை நிற்கும். மாதம் சில ரூபாய் மதிப்புள்ள மாத்திரை அட்டை ஒரு மாட்டையும் ஒரு நகையையும் 11 நாள் கூலியையும் காப்பாற்றுகிறது. மருத்துவத்தில் போடும் பணத்தில் அதிகப் பலன் தருவது அடிமட்டத்தில் போடும் பணம்தான் என்று சொல்வதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கட்டடம் திறந்துவைத்துப் பெயர்ப்பலகை மாட்டியும் மருத்துவர் தங்காத ஊர்கள் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்வது எளிது. கணவருக்கோ மனைவிக்கோ அங்கே வேலை இல்லை, பிள்ளைக்குப் பிடித்த பள்ளி இல்லை, குடியிருப்பு ஒழுகுகிறது என்றால் யார்தான் தங்குவார்? மருத்துவமனை ஊரை வளர்க்கும் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஊரும் ஓரளவு வளர்ந்திருந்தால்தான் மருத்துவமனை நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. அதனால் நல்ல குடியிருப்பும் சாலையும் மருத்துவச் செலவின் பகுதியாகவே எண்ணப்பட வேண்டும்.

நம் கையில் உள்ளவை

ஊர்ச் சங்கங்கள் நம்மிடையே நிறைய. கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்த கைகள் இவை. அந்த ஈகையில் ஒரு பங்கை நர்சம்மாவின் குடியிருப்புக் கூரைக்கும், துணை நிலையத்துக் குடிநீர்க் குழாய்க்கும், பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் உட்கார ஒரு பெஞ்சுக்கும் திருப்பலாம். ஊராட்சியிடமும் வட்டார மருத்துவ அலுவலரிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் எது தேவை என்கிறார்களோ அதைச் செய்வது நல்லது. இரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்றை நாமாக வாங்கிக் கொடுத்து, அதை இயக்க ஆளில்லாமல் துணி போர்த்தி வைத்திருப்பதை ஓர் ஊரில் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் தொலைபேசி இருக்கிறது. "சாப்பிட்டீர்களா" என்று கேட்கும் அதே மூச்சில் சில கேள்விகள். இந்த மாதம் மாத்திரை வந்ததா, இன்னும் எத்தனை மிச்சம்? கடைசியாகச் சர்க்கரை அளவு எப்போது பார்த்தீர்கள்? காப்பீட்டு அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது? நர்சம்மாவின் எண் யாரிடம் இருக்கிறது? அவசரம் என்றால் எந்த அரசு மருத்துவமனை என்று முன்பே பேசி வைத்திருக்கிறீர்களா?

அறந்தாங்கித் தம்பி இந்தக் கேள்விகளைத் தாமதமாகக் கற்றுக்கொண்டார். கடையில் என் கடைசி மாதங்களில், வரிசையில் நின்றபடி காணொளி அழைப்பில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார். அம்மா மாத்திரை அட்டையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். "அம்மா, திருப்பிக் காட்டுங்கள், வெளிச்சத்தில் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ள, காலியான குழிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்.